முதல்ல அடுத்த வீட்டைத் தட்டுலே

ஏலே மக்கா, இங்கன வா. அந்தப் புஸ்தகத்தை மூடி வை. ராத்திரி பூரா நீ சத்தம் போட்டு உருப்போட்டது எனக்கே மனப்பாடம் ஆயிட்டு. உனக்கு ஆச்சான்னுதான் தெரியல. ‘பிரெட்த் ஃபர்ஸ்ட் சர்ச்’, ‘ஷார்ட்டஸ்ட் பாத் ட்ரீ’ன்னு நீ கத்துன கத்துல தொழுவத்து மாடு ரெண்டு தடவ எந்திரிச்சு நின்னுச்சு. ரெண்டு தடவ அரியர் வச்ச பேப்பராம்லா? நீ இதுல தேற மாட்டன்னு எனக்குப் போன மாசமே தெரியும், ஆட்டைத் தேடப் போனியே, அன்னைக்கே.

கருப்புக் குட்டியக் காணலன்னு உங்க ஆச்சி சொன்னா. நீ என்ன செஞ்ச? பைக்கை உதைச்ச. ஏதோ ஒரு குளம்படியப் பாத்து ஓடைக்கரைக்குப் போன, அங்கிருந்து காட்டுப்பாதை, அங்கிருந்து கல்லுக்குழி. மூணு மைல் போயி, வழி முடிஞ்ச எடத்துல நின்னுக்கிட்டு போன் போட்ட. ஆச்சி எடது வீட்ல கேட்டா, வலது வீட்ல கேட்டா, எதுத்த வீட்டை எட்டிப் பாத்தா. அங்க முருங்கை மரத்தடில நின்னு குட்டி எலை தின்னுக்கிட்டு இருந்துச்சு. நீ போனதுக்குப் பேரு டெப்த் ஃபர்ஸ்ட். அதையும் குத்தம் சொல்லல, எங்கயோ ஒரு மூலைல ஆட்டைக் கண்டுபிடிச்சிரலாம். ஆனா பக்கத்துல நிக்கிறதை முதல்ல காட்டாது. ஆச்சி செஞ்சதுதான் உன் பாடம். அவளுக்கு அரியர் கெடையாது.

ரேஷன் கடை வரிசை தெரியும்லா? முதல்ல வந்தவனுக்கு முதல்ல சீனி. அதான் கியூ. ஒரு வீட்டுல விசாரிச்சா அந்த வீட்டுக்காரன் கைகாட்டுற வீடெல்லாம் வரிசைக் கடைசில போய் நிக்கணும். நீ மினி பஸ்ல கடைசியா ஏறிப் படியில தொங்குவ, முதல் ஆளா எறங்குவ. அது ஸ்டேக்கு. அந்தப் பழக்கத்துலதான் ஆட்டையும் தேடிருக்க.

சரி, அந்த ‘ட்ரீ’ங்கிற மரத்துக்கு வா. பெரிய வீட்டுத் தாத்தா தவறிப் போனாருல்லா, அன்னைக்கு வெள்ளன அவரு மகன் வெளிய வந்து மூணு பேருக்கிட்ட சொன்னான்: பக்கத்து வீட்டு அத்தை, பால்காரன், டீக்கடைக்காரன். முதல் சுத்து. டீக்கடைக்காரன் வாத்தியாருக்கும் கண்டக்டருக்கும் சொன்னான், அத்தை அவ கொழுந்தியாளுக்குச் சொன்னா, பால்காரன் மேலத்தெரு கணக்கப்பிள்ளைக்குச் சொன்னான். ரெண்டாம் சுத்து. கணக்கப்பிள்ளை வந்து என் திண்ணைல சொன்னாரு, மூணாம் சுத்து. அவரு வாயை மூடல, கண்டக்டரும் அதே துட்டியத் தூக்கிக்கிட்டு வந்தான். ‘தெரியும் போடா’ன்னுட்டேன். அந்தத் ‘தெரியும் போடா’லதான் சூட்சுமமே இருக்கு.

எனக்கு முதல்ல சொன்னது யாரு? கணக்கப்பிள்ளை. அவருக்கு? பால்காரன். அவனுக்கு? பெரிய வீட்டு மகன். பின்னாலயே நடந்தா மூணே எட்டு. திருப்பிப் போட்டா, பெரிய வீட்டுலருந்து என் திண்ணைக்கு ஆகச் சுருக்கமான வழி. முழு வழியையும் ஒருத்தனும் மண்டைல தூக்கிச் சொமக்கல. ஆளுக்கு ஒரே ஒரு பேரு, ‘முதல்ல சொன்னது இன்னாரு’ன்னு. அந்த மகனோட சேத்து எண்ணு, 9 பேரு. முதல்ல சொன்ன கோடு 8. ஊர்ல எத்தனை ஆயிரம் பேச்சு ஓடினாலும் மரத்துக்கு வேண்டியது ஆள் கணக்குல ஒண்ணு கம்மி. மிச்சமெல்லாம் வம்பு.

ஏன் இதை விடச் சுருக்கம் கெடையாதுன்னு அஞ்சு மார்க்குக்குக் கேப்பான். ரெண்டு சுத்துல எனக்கு வரணும்னா முதல் சுத்து மூணு பேர்ல ஒருத்தராவது என்கிட்ட வாய் பேசணும். டீக்கடைல எனக்கு எட்டு மாசப் பாக்கி. பால்காரன்கிட்ட ‘பாலா, கிணறா’ன்னு கேட்டுட்டேன். அத்தை கதை உனக்கு வேண்டாம். அப்போ மூணுதான். கண்டக்டர் ஒரு நிமிஷம் முந்தியிருந்தா மரம் வேற மாதிரி கெளை விட்டிருக்கும், ஆனா சுத்து அதே மூணுதான். மரம் ஒண்ணுக்கு மேல இருக்கலாம், தூரம் மாறாது. இதை எழுது, மார்க்கு போடுவான்.

நேத்து உன் புரோகிராம் நிக்காமச் சுத்துச்சே, ஏன்? போலியோ சொட்டு மருந்து போட்ட பிள்ளைக்கு எடது சுண்டுவிரல்ல மை வைக்காம்லா, நீ அந்த மையை மறந்துட்ட. போன வீட்டுக்கே திரும்பத் திரும்பப் போற. அதுவும் வரிசைல நிறுத்தும்போதே மை வைச்சிரணும். கூப்பிடும்போது வச்சுக்கலாம்னா ஒரே பிள்ளை வரிசைல ரெண்டு எடத்துல நிக்கும். ஒழுங்காச் செஞ்சா ஒரு வீட்டுக்கு ஒரு தடவ, ஒரு தெருவை ரெண்டு முனைலருந்தும் ஒவ்வொரு தடவ பாத்தாப் போதும், ஊரே முடிஞ்சிரும்.

அரியருக்காகக் கண்ணைக் கசக்காத. ஜெர்மனில கோன்ராட் சூசேன்னு ஒருத்தரு 1945லயே இந்த பிரெட்த் ஃபர்ஸ்ட்டை ஆராய்ச்சிப் பட்டத்துக்கு எழுதிக் கொடுத்தாராம், ஏத்துக்கல. அச்சுல வந்தது 1972ல. அதுக்குள்ள எட்வர்ட் மூர் ஒரு பக்கம் புதிர்ப்பாதைல சுருக்கு வழி கண்டுபிடிக்கன்னு இதையே புதுசாக் கண்டுபிடிச்சு 1959ல வெளியிட்டுட்டாரு. 1961ல லீன்னு ஒருத்தரு மின்சுற்றுப் பலகைல கம்பி இழுக்கக் கட்டம் கட்டமா நம்பர் போட்டுக்கிட்டே போயி, அந்த நம்பரைப் பிடிச்சே பின்னால திரும்பி வந்தாரு. துட்டிக்கு நான் திரும்பி நடந்தேன்லா, அதே நடைதான்.

ஆனா ஒரு கோளாறு இருக்கு. இது சுத்தைத்தான் எண்ணும், நேரத்தை எண்ணாது. நம்மூர்லருந்து டவுனுக்கு நேர் வண்டி இருக்கு. ஒரே வண்டிதான், ஆனா கண்ட ஊரெல்லாம் நுழைஞ்சு ரெண்டு மணி நேரம். சந்தைமேட்டுல எறங்கி மாறினா ரெண்டு வண்டி, அம்பது நிமிஷம். உன் பிரெட்த் ஃபர்ஸ்ட்டைக் கேட்டா ‘தாத்தா, நேர் வண்டி’ன்னு பல்லைக் காட்டும். நேரம் கணக்குல வந்தா வரிசை மாறணும். முதல்ல வந்தவன் இல்ல, இதுவரைக்கும் ஆகக் கொறைஞ்ச நேரத்துல எட்டுற ஊர்தான் முன்னால நிக்கணும். அது டைக்ஸ்ட்ராங்கிறவரு கண்டுபிடிச்ச வேலை.

அந்த மனுசன் 1956ல ஆம்ஸ்டர்டாம்ல கட்டிக்கப் போற பொண்ணோட கடைவீதி சுத்தி, கால் ஓய்ஞ்சு, காப்பிக் கடைல உக்காந்திருக்காரு. ராட்டர்டாம்லருந்து கிரோனிங்கனுக்குச் சுருக்கு வழி எதுன்னு யோசனை. 20 நிமிஷம். பேப்பர் இல்ல, பேனா இல்ல, மனசுலயே முடிச்சுட்டாரு. அப்புறம் நெதர்லாந்து ஊர் 64-ஐ வச்சுப் புது மெஷின்ல ஓட்டிக் காமிச்சாங்க. 1959ல அச்சான கட்டுரை மூணே பக்கம். நீ டீக்கடைல ரெண்டு மணி நேரம் உக்காந்து என்னத்தைக் கண்டுபிடிச்ச? என் பேர்ல இன்னொரு பாக்கி.

போய்த் தூங்கு. காலைல பரீட்சைக்கு 7.10 நேர் வண்டில ஏறிராத. ரெண்டு மணி நேரம் ஆகும். சந்தைமேட்டுல மாறிக்க.