பல்லாவரத்தில் இன்னுமொரு தொல்லிடம்

அனுப்புநர்:
மூன்றாம் ஆண்டு மாணவன், பி.எஸ்ஸி. கணினி அறிவியல், பல்லாவரம்.
(கல்லூரியின் பெயரை எழுதினால் ஹால் டிக்கெட் வந்து சேராது. பொறுத்தருளவும்.)

பெறுநர்:
கண்காணிப்புத் தொல்லியலாளர் அவர்கள், இந்தியத் தொல்லியல் துறை, சென்னை வட்டம், புனித ஜார்ஜ் கோட்டை, சென்னை.

பொருள்: கணினி ஆய்வகம் ஒன்றைப் பாதுகாக்கப்பட்ட தொல்லிடமாக அறிவிக்கக் கோருதல், தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எங்கள் ஊரைத் தங்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1863 மே 30ஆம் தேதி பல்லாவரம் ராணுவ அணிவகுப்புத் திடலில் இருந்த சரளைக் குழியில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். அது கைக்கோடரி. இந்த நாட்டிலும் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்தது என்பது அதன் பிறகுதான் உலகத்துக்குத் தெரியவந்தது. ஃபூட் தங்கள் துறைக்காரர் அல்ல, புவியியல் ஆய்வுத் துறைக்காரர் என்பதில் தங்களுக்குக் கொஞ்சம் மனக்குறை இருக்கலாம். அதைத் தீர்த்துக்கொள்ள இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. எங்கள் கல்லூரியின் இரண்டாவது மாடிக்கு வாருங்கள். குனியக்கூட வேண்டாம்.

அங்கே நாங்கள் நிரல் எழுதப் பழகும் மென்பொருளின் பெயர் டர்போ சி++. போர்லாண்ட் என்ற நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் வெளியிட்டது. நீலத் திரை, மஞ்சள் எழுத்து. சி++ மொழிக்கு உலகத் தரநிலை வந்ததே 1998இல்தான் என்பதால், இது தரநிலைக்கு முந்தைய காலத்தைச் சேர்ந்தது. தங்கள் துறை மொழியில், வரலாற்றுக்கு முற்பட்டது. இன்றைய 64 பிட் விண்டோஸில் இது ஓடாது. ஆகவே பழைய வீடியோ கேம்களை ஆடுவதற்காக யாரோ புண்ணியவான்கள் செய்துவைத்த டாஸ்பாக்ஸ் என்ற செயலிக்குள் இதை ஓட்டுகிறோம். பட்டப்படிப்பு ஒன்று விளையாட்டுச் செயலியின் தயவில் நடப்பது உலக அதிசயமா என்பதைத் தங்கள் வல்லுநர்கள்தான் சொல்ல வேண்டும்.

கைக்கோடரியை நான் குறைத்துச் சொல்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். அதைச் செய்தவன் கல்லைக் கல்லால் தட்டித்தான் கற்றுக்கொண்டான். பத்துக் கல் பாழாகியிருக்கும், விரல் நசுங்கியிருக்கும், பதினோராவது கல்லில் விளிம்பு கூராகியிருக்கும். அந்த விளிம்பு இன்றைக்கும் வெட்டும். எங்கள் ஆய்வகத்தில் முறை வேறு. இங்கே கோடரியை ரெக்கார்டு நோட்டில் வரைவோம். நோக்கம், படிமுறை, நிரல் மூன்றும் வலப்பக்கம். கணினி என்ன விடை காட்டும் என்பது இடப்பக்கத்தின் கோடு போடாத தாளில், பென்சிலால். கடைசி வரி எல்லாருக்கும் ஒன்றே: நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டு விடை சரிபார்க்கப்பட்டது. மின்சாரம் போன நாளிலும் அப்படித்தான். சீனியர் நோட்டில் இருந்த எழுத்துப்பிழை எங்கள் நோட்டுக்கும், எங்களிடமிருந்து ஜூனியர் நோட்டுக்கும் அப்படியே இறங்குகிறது. ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்க்கும் அறிஞர்களுக்கு இங்கே பத்தாண்டு வேலை காத்திருக்கிறது.

தங்கள் பார்வைக்கு ஒரு நேரடிச் சான்று. சென்ற செமஸ்டர் பிராக்டிகலில் எக்ஸ்டர்னலாக வந்தவர், நிரலில் முழு எண்ணை வைக்கும் 'இன்ட்' பற்றி என் நண்பனிடம் கேட்டார்: "தம்பி, இன்ட்டுக்கு எத்தனை பைட்?" நண்பன் தன் போனில் ஏற்கனவே போட்டுப் பார்த்தவன். "நாலு சார்" என்றான். "இந்த சிஸ்டத்துல போட்டுப் பார்." போட்டான். கண்ட்ரோல் எஃப் 9 தட்டினான். ரெண்டு என்று வந்தது. "அப்போ எது சார் சரி?" அவர் நல்ல மனிதர், கொஞ்சம் யோசித்துவிட்டு, "லேப்ல ரெண்டு, இன்டர்வியூல நாலு" என்றார். மதிப்பெண் கிடைத்துவிட்டது.

இதன் விளைவையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பைட் இன்ட்டுக்குள் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. வங்கிக் கணக்கு நிரல் ஒன்று எங்கள் பாடத்திட்டத்தில் இருக்கிறது. அதில் ஒருவர் 40,000 ரூபாய் போட்டால், திரை அவருக்கு 25,536 ரூபாய் கடன் என்று காட்டும். எங்கள் செமஸ்டர் கட்டணமே அந்த இன்ட்டுக்குள் அடங்காது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். கட்டணம் செலுத்தும் செயலி மட்டும் அன்றாடம் புதுப்பிக்கப்படுகிறது. அதில் இதுவரை யாருக்கும் ஒரு பைசா குறைந்து விழுந்ததில்லை.

தோண்டினால் அடுக்கடுக்காக வரும். டர்போவுக்கு மேலே விஷுவல் பேசிக் 6: 1998இல் பிறந்து, 2008இல் மைக்ரோசாஃப்ட் கைகழுவிய பிறகும் எங்களிடம் நலமாக இருக்கிறது. அதற்கு மேலே உலவிகள் எல்லாம் வெளியேற்றிவிட்ட ஜாவா ஆப்லெட். இதை இயக்கிக் காட்ட ஆளில்லை என்பதால் எழுத்துத் தேர்வில் மட்டும் பத்து மதிப்பெண்ணுக்கு வாழ்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, பெயின்ட் வாசனை இன்னும் போகாத மிக அண்மை அடுக்கு: கல்லூரி வாசலில் 'செயற்கை நுண்ணறிவு' என்ற பெயர்ப் பலகை. பலகை மாறியதோடு ஒரு மாணவருக்கான கட்டணமும் மாறியது. ஆசிரியர்கள் அவர்களேதான், கணினிகளும் அவையேதான். 2024-25 முதல் பி.சி.ஏ. படிப்பு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் அங்கீகார வரம்புக்குள் வந்தது. பக்கத்து வகுப்பு பி.சி.ஏ. நண்பர்கள் ஆவலோடு காத்திருந்தார்கள். பிரிண்டருக்கு டோனர்கூட வரவில்லை. வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனால் பழைய இரும்புக்கும் புறாக்கூண்டுக்கும் நடுவே எங்கள் லேபில் இருப்பதைவிடப் புதிய மவுஸ் கிடைக்கிறது.

எங்களுக்கு அருகில் முன்னுதாரணங்கள் இல்லாமல் இல்லை. அடுத்த ஸ்டேஷன் குரோம்பேட்டையில், 1949இல் தொடங்கிய எம்.ஐ.டி.யில், அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்தார்கள் என்பதை முதலாண்டு வரவேற்பு விழாவில் தவறாமல் சொல்வார்கள். அது வேறு கல்லூரி என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள்.

இனி சட்டம். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு சின்னத்துக்கு 100 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்று தாங்கள் கோப்பில் எழுதக்கூடும். எங்கள் பாடத்திட்டக் குழு இருக்கும் வேகத்தில் டர்போவுக்கு அந்த நூறும் நிறைந்துவிடும் என்று உறுதியளிக்கிறேன். ரெக்கார்டு நோட்டுக்கு அவ்வளவுகூட வேண்டாம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி கையெழுத்துப் படிகளுக்கு 75 ஆண்டு போதும்.

பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் கட்டடம் கட்டக்கூடாது, அதற்கடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும் என்ற 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தைப் பல்லாவரத்தில் வீட்டுமனை வாங்க நினைத்தவர்களைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்கள். இங்குள்ள பெருங்கற்கால ஈமச் சின்னங்களால் அவர்கள் பெற்ற அறிவு அது. எனக்கு வேண்டியது அந்த 100 மீட்டர்தான். எங்கள் லேபை ஒட்டிக் குளிர்சாதன வசதியுடன் 'சீர்மிகு மையம்' ஒன்றைக் கட்டப் போகிறார்களாம். அதற்கும் எங்களிடம் கட்டணம் வாங்குவார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் அதே நீலத் திரை, கண்ணாடிச் சுவருக்குள் இருக்கும். தாங்கள் ஓர் அறிவிப்புப் பலகை நட்டுவிட்டால் அப்பாக்களின் பணம் மிஞ்சும்.

ஒரு நினைவூட்டல்: எங்கள் ஊர்க் குடைவரையைக் குடைவித்து அதில் தன் பட்டப்பெயர்களைப் பொறித்துவைத்த மகேந்திரவர்மன், மத்தவிலாசம் என்ற அங்கத நாடகத்தையும் எழுதியவன். பகடி செய்பவனை இந்த ஊரில் வழக்கமாகச் சஸ்பெண்ட் செய்வதில்லை என்பதற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட முன்மாதிரி இருக்கிறது. எங்கள் ஹெச்.ஓ.டி.யிடம் தாங்களே இதை எடுத்துச் சொன்னால் நன்று.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இன்டர்னல் மார்க்குக்காகப் பெயர் மறைத்தவன்.

இணைப்பு: ரெக்கார்டு நோட்டு ஒன்று (பிரவுன் அட்டையுடன்). ஆசிரியர் கையொப்பம் எல்லாப் பக்கத்திலும் உண்டு, எழுதாத கடைசி நான்கு பக்கத்திலும்.

பின்குறிப்பு: கள ஆய்வுக்கு வருவதானால் பிராக்டிகல் நடக்கும் வாரத்தில் வரவும், மற்ற நாட்களில் பூட்டியிருக்கும். சாவி அட்டெண்டர் அண்ணனிடம். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் கணினிக்குத் தூசி பட்டு வைரஸ் வரும் என்று அண்ணன் விடமாட்டார்.