இசைத்தட்டுத் திணை: பினாங்கு சோல் இசைப் பித்தருக்கு ஓர் இலக்கணம்

காதல், பிரிவு, காத்திருப்பு, பிணக்கு எல்லாவற்றையும் ஐந்து நிலத்துக்குள் அடக்கிவிட்டுத்தான் நம் இலக்கணப் புலவர்கள் ஓய்ந்தார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஜார்ஜ்டவுன் விளையாட்டரங்கத்தை ஒட்டிய லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில், தார்ப்பாய் விரிப்புக்கு முன் குந்தி உட்கார்ந்து, அட்டைப் பெட்டியிலுள்ள பழைய ரிக்கார்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டுகிற நடுவயதுக்காரரை எந்தத் திணையில் வைப்பது என்று அவர்களில் ஒருவரும் சொல்லிவைக்கவில்லை. அக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஆசாமி சாதாரண ரிக்கார்டுப் பிரியர் அல்லர். 1950களின் நடுவில் தேவாலயப் பாட்டின் உருக்கத்தைக் காதல் பாட்டுக்குள் கொண்டுவந்து ரே சார்லஸ் போன்றோர் தொடங்கிவைத்த அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசைக்கு ஆட்பட்டவர். டெட்ராயிட் நகரத்து மோட்டவுன், மெம்பிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் என்ற இரண்டு கம்பெனிப் பெயர்களை உச்சரிக்கும்போது அவர் குரல் தானாகத் தணியும். குடும்பத்தில் 800 டாலர் கடன் வாங்கி 1959இல் பெர்ரி கார்டி மோட்டவுனைத் தொடங்கிய கதையை, கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வார்.

இனி முதற்பொருள். நிலமும் பொழுதும்.

பினாங்கு நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவு, ஆகவே நெய்தல். அங்கே கொடிமலை இருக்கிறதே, அதனால் குறிஞ்சி ஆகாதோ எனின், ஆகாது. அம்மலைக்குப் போகிறவர்கள் காற்று வாங்கப் போகிறார்களே அன்றி ரிக்கார்டு வாங்கப் போவதில்லை. நெய்தலுக்குத் துறைமுகம் உயிர்நாடி. பினாங்கோ 1969 வரை சுங்கவரியில்லாத துறைமுகமாக இருந்தது. கிராமபோனும் ஊசி டப்பாவும் கப்பலில் வந்து தங்குதடையின்றி இறங்கின. எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில் 1988 வரை ஆஸ்திரேலிய விமானப்படை முகாம் இருந்தது. வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கப் படைவீரர்கள் விடுப்பில் இளைப்பாற இத்தீவுக்கு வந்தார்கள். மாலையில் பையில் காசோடும் மனத்தில் ஊர் நினைப்போடும் வருகிற இருபது வயதுப் பையன்களுக்கு அவர்கள் ஊர்ப் பாட்டை வாசிக்கத் தெரியாத இசைக்குழு, இரவு விடுதியில் எத்தனை நாள் நிலைத்திருக்கும்? பினாங்கு வாத்தியக்காரர்கள் சோல் இசையைப் படித்துக்கொண்டது கலையார்வத்தால் பாதி, சோற்றுக்காகப் பாதி.

நெய்தலின் சிறுபொழுது எற்பாடு. சந்தையோ காலையில் கூடுவது. இது மரபு வழுவாகாதோ என்று ஒரு தடை எழலாம். வாங்குவது காலையில், கேட்பது பொழுது சாயும்போது என்று அதற்கு விடை. வாங்கிய உடனே கேட்பவர் பித்தர் கணக்கில் சேரமாட்டார். சோப்பு நீரில் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி, மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, பள்ளங்களை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்து, பெருமூச்சு விட்டு, அதன் பிறகுதான் ஊசி இறங்கும். அதற்குள் மாலையாகிவிடும்.

கருப்பொருளில் மரம் முதலில் வருகிறது. 78 சுழற்சி ரிக்கார்டுகளின் உயிர்ப்பொருள் அரக்கு. புரசு முதலிய மரங்களில் ஒட்டி வாழும் பூச்சியின் கசிவு அது. கற்பொடியும் கரியும் கலந்து வட்டமாக அழுத்தினால் மூன்று நிமிடப் பாட்டு. உலக அரக்கில் பெரும்பங்கு இந்தியக் காட்டிலிருந்தே போனது. ஆகவே அமெரிக்கப் பாடகர்களின் குரலைப் பல பத்தாண்டுகள் தாங்கிப் பிடித்தது நம் நாட்டுப் பூச்சி. 1948இல் பிளாஸ்டிக் எல்.பி.யும், மறு ஆண்டில் 45 சுழற்சித் தட்டும் வந்த பிறகு பூச்சிக்கு ஓய்வு கிடைத்தது.

விலங்கு, கிராமபோன் குழாய்க்கு முன் தலை சாய்த்து உட்கார்ந்திருக்கும் எச்.எம்.வி. நாய். உணவு நாசி கண்டார். ஆனால் குழம்பு தோய்ந்த விரலோடு ரிக்கார்டைத் தொட்டவர் குலத்திலிருந்து விலக்கப்படுவார். பறை, மோட்டவுன் பாட்டுகளில் ஜாக் ஆஷ்ஃபோர்ட் குலுக்கிய தாம்பரீன். யாழ் என்பதற்கு ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிட்டார் என்று உரை கொள்க. வலது கையின் ஒற்றை ஆள்காட்டி விரலால் மட்டுமே நரம்பை மீட்டி அத்தனை சந்தத்தையும் கொண்டுவந்தவர் அவர். மோட்டவுன் வெற்றிப் பாட்டுகளைத் தூக்கி நிறுத்திய அவருக்கும் கூட்டாளிகளுக்கும் கம்பெனி உறையில் பெயர் போடவில்லை. 1971இல் மார்வின் கே வெளியிட்ட எல்.பி.யில்தான் அப்பெயர்கள் ஏறின. சினிமா டைட்டிலில் தபேலாக்காரர் பெயரைத் தேடிப் பழகிய தமிழனுக்கு இந்த அநியாயத்தை விளக்க வேண்டியதில்லை.

தெய்வம் யார் என்பதில் உரையாசிரியர்களிடையே ஒற்றுமை இல்லை. அரேத்தா ஃபிராங்க்ளின் என்பார் ஒரு சாரார். ஓட்டிஸ் ரெட்டிங் என்பார் மற்றொரு சாரார். 1965இல் ரெட்டிங் எழுதிப் பாடிய 'ரெஸ்பெக்ட்' பாட்டை 1967இல் அரேத்தா எடுத்துத் தனதாக்கிக்கொண்டார் என்பது வரலாறு. ஆண் கேட்ட மரியாதையைப் பெண் திருப்பிக் கேட்டதும் பாட்டின் பொருளே வேறாயிற்று. வழக்கு இன்னும் நிலுவையில் உள்ளது.

உரிப்பொருளில் ஐயத்துக்கே இடமில்லை. நெய்தலுக்கு இரங்கல். 1967இல் சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் ஒரு படகு வீட்டில் தங்கியிருந்தபோது ரெட்டிங் தொடங்கிய பாட்டு 'டாக் ஆஃப் தி பே'. ஊரை விட்டு வெகுதூரம் வந்த ஒருவன், கைகூடாத பிழைப்போடு கடல்துறையில் உட்கார்ந்து அலை வருவதையும் போவதையும் பார்த்திருக்கிறான். அவ்வளவுதான் பாட்டு. ஒலிப்பதிவு முடிந்த சில நாளில், டிசம்பர் 10 அன்று, விஸ்கான்சின் மாநிலத்து ஏரியில் விமானம் விழுந்து 26 வயதில் அவர் இறந்தார். பாட்டைச் சேர்ந்து எழுதிய கிட்டார்க்காரர் ஸ்டீவ் குராப்பர், அலையோசையையும் கடற்பறவையின் குரலையும் அதன் பிறகு சேர்த்து முடித்துக்கொடுத்தார். நெய்தலுக்குரிய புள் கடற்காகம். நம் பொருளிலக்கணத்தைக் கேள்வியேபட்டிராத மெம்பிஸ்காரர், துறை, அலை, பறவை, இரங்கல் நான்கையும் வைத்த இடத்தில் வைத்திருக்கிறார். 1968இல் அமெரிக்காவில் முதலிடத்துக்கு ஏறிய அப்பாட்டைப் பினாங்கின் வெல்ட் கீ கரையோரச் சீனப் படகுத்துறை வீடுகளுக்குப் பக்கத்தில் நின்று கேட்கிறவருக்கு, அது அந்நியப் பாட்டு என்ற எண்ணம் வருவது கடினம்.

இரங்கல் தமிழர்க்குப் புதிதா எனின், அன்று. 1933இல் எஸ்.ஜி. கிட்டப்பா 27 வயதில் மறைந்த பின் வெள்ளைச் சேலைக்கு மாறிய கே.பி. சுந்தராம்பாள், உச்சத்தில் நின்று பிடிவாதமாக இறங்க மறுக்கும் அந்தக் குரலோடு சோல் பாடகி அல்லாமல் வேறென்ன? பினாங்குப் பித்தர் பலர் அரேத்தாவின் எல்.பி.க்குப் பக்கத்திலேயே சுந்தராம்பாளை அடுக்கிவைப்பதில் இலக்கணப் பிழை இல்லை. தமிழ் ரிக்கார்டு வியாபாரமும் சாமானியமானதன்று. ஏ.வி. மெய்யப்பன் படம் எடுக்கும் முன், சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வைத்து ஓடியன் ரிக்கார்டு விற்றவர்.

இத்திணைக்குப் பினாங்கே பெற்றெடுத்த தலைமக்களும் உண்டு. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற தமிழ்ச் சகோதரர்கள் முன்னின்று நடத்திய 'அல்லிகேட்ஸ்' குழு 1960களின் இறுதியில் இத்தீவில் பிறந்தது. ஆங்கிலப் பாட்டுகளை விடுதிகளில் வாசித்துத் தேறி, ஹாங்காங்கிலும் சில காலம் பிழைத்துவிட்டு, திரும்பிவந்து மலாய்ப் பாட்டு எல்.பி.க்களை வெளியிட்டார்கள். நாடே அவற்றை மனப்பாடம் செய்தது. தலையைச் சுற்றிக் கருமேகமாய்ப் படர்ந்திருந்த அந்த ஆஃப்ரோ முடி! தமிழ்ப் பையன்கள், கறுப்பின அமெரிக்கரின் முடியலங்காரம், சோல் பாணித் தாளக்கட்டு, மலாய்ச் சொற்கள். மலேசிய ஒற்றுமை குறித்த எத்தனையோ மாநாட்டுத் தீர்மானங்களை விட அந்த எல்.பி. உறைகள் தெளிவாகப் பேசுகின்றன. லோகா என்று செல்லமாக அழைக்கப்பட்ட லோகநாதன் 2007இல் காலமானார். பினாங்கின் பழைய இசைக்காரர்களைப் பற்றி பால் அகஸ்டினும் ஜேம்ஸ் லாக்ஹெட்டும் தேடித் தொகுத்து எழுதிய பெரிய புத்தகமும் இருக்கிறது. பித்தர்கள் அதைப் படிக்கும் விதம் தனி: முதலில் படங்களில் தெரியும் ரிக்கார்டு உறைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, பிறகே வரிகளுக்கு வருவார்கள்.

இனி ஒழுக்கம். அது இருவகைப்படும்: களவு, கற்பு.

வாங்கிய ரிக்கார்டு வீட்டாருக்குத் தெரியாமல் இருக்கும் காலம் களவு. அலமாரியில் எல்லாரும் அறிய நிற்கும் காலம் கற்பு. இடையில் தோழி போன்ற ஒரு பாத்திரம், பெரும்பாலும் கூடச் சந்தைக்கு வந்த நண்பர், சாப்பாட்டு மேசையில் வாய்தவறி விலையைச் சொல்லிவிடுவார். இலக்கணம் இதனை அறத்தொடு நிற்றல் என்னும். அதன்பின் நிகழ்வது ஊடல். நெய்தல் நிலத்தில் மருதத்துக்குரிய ஊடல் எப்படி வரும் என்று கேட்கலாகாது. திணைமயக்கத்துக்கு மரபில் இடம் உண்டு. இங்கே பரத்தையின் இடத்தில் அமர்வது பன்னிரண்டு அங்குல விட்டமுள்ள ஒரு கறுப்புத் தட்டு என்பதே வேறுபாடு.

கடல் கடந்து பொருள் தேடப் போகும்போது தலைவியை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியம் விதிக்கிறது. பட்டர்வொர்த்துக்குப் படகேறி அங்கிருந்து கோலாலம்பூர் ரிக்கார்டுக் கடைகளுக்குத் தனியாகப் போகிற பித்தர்கள், இவ்விதியை அறியாமலே இம்மி பிசகாமல் கடைப்பிடிக்கிறார்கள்.

களவு இரண்டு திங்களுக்கு மேல் நீடிக்கலாகாது என்பது இறையனார் களவியல். பினாங்கு வெயில் அத்தனை அவகாசம் தராது. மறைக்கும் இடம் வழக்கமாகக் காரின் பின்பெட்டி. வெயிலில் நிறுத்திய காருக்குள் ஏறும் வெப்பத்தில் பிளாஸ்டிக் தட்டு இளகி அப்பளமாய் நெளியும். ஓட்டிஸ் ரெட்டிங் பாட, ஊசி மேலும் கீழும் குதிக்கும். வீட்டுக்குள் துணிந்து கொண்டுபோனாலும் ஆபத்து தீர்ந்தபாடில்லை. கடற்காற்றின் ஈரத்தில் உறையிலும் தட்டிலும் பூஞ்சணம் படரும். மூங்கில் கூடையிலும் மரக்கட்டிலின் அடியிலும் வைத்தவர்கள் கரையானுக்குச் சோல் இசை ஊட்டியவர்களாவார்கள்.

அகப்பாட்டில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது. இவ்விதியை உலகில் மிகக் கடுமையாகப் பின்பற்றியவர்கள் தமிழர் அல்லர், வட இங்கிலாந்துக்காரர்கள். விலைபோகாத அமெரிக்கச் சோல் ரிக்கார்டுகளைத் தேடிப்பிடித்து விடியவிடிய ஆடிய கூட்டம் அங்கே இருந்தது. 1973 முதல் 1981 வரை இயங்கிய விகன் கசினோ அவர்களின் கோயில். போட்டிக்காரன் அதே ரிக்கார்டைக் கண்டுபிடித்துவிடக்கூடாதென்று, பாட்டு வைப்பவர்கள் தட்டின் நடுத்தாளை மறைத்து ஒட்டிப் பொய்ப்பெயர் சொன்னார்கள். ஃபிராங்க் வில்சன் 1965இல் மோட்டவுனுக்குப் பாடிய ஒரு பாட்டு அப்படித்தான் எட்டி ஃபாஸ்டர் என்ற பொய்ப்பெயரில் ஒலித்தது. வெளியீட்டுக்கு முன்பே கைவிடப்பட்டதால் விரல்விட்டு எண்ணத்தக்க பிரதிகளே தப்பின. 2009இல் ஒரு பிரதி 25,742 பவுண்டுக்கு விற்றது. தலைவிக்காக மடலேறுவதைப் பெருந்திணை என்று நம்மவர்கள் பொருந்தாக் காமத்தில் சேர்த்தார்கள். அந்த ஏலத்தில் கை தூக்கியவருக்கும் அதே இடம்தான்.

விலை பேசும் மொழியிலும் நன்னூல் செல்லுபடியாகிறது. ரிக்கார்டின் நிலையைச் சொல்ல உலகச் சேகரிப்பாளர் வழங்கும் தரவரிசையில் 'வெரி குட்' என்றால் கீறல் கேட்கும் என்று பொருள். புதுத்தன்மை மாறாத தட்டின் விலையில் கால்பங்குதான் பெறும். 'குட்' என்றால் பாட்டுக்கு நடுவே வெங்காயப் பக்கோடா பொரியும் என்று பொருள். மங்கலமல்லாததை மங்கலமாகச் சொல்லும் வழக்கு இது.

இறுதியாக, பினாங்கிலும் பிறை, பட்டர்வொர்த் பக்கத்திலும் தாத்தா பாட்டி இருந்த வீட்டைக் காலி செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாடியறையில் கிடக்கும் கறுப்புத் தட்டுகளைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கல்கத்தா தம்தம் ஆலையில் அச்சான தமிழ் ரிக்கார்டும், 'அல்லிகேட்ஸ்' எல்.பி.யும் அதில் இருக்கக்கூடும். தட்டுகளைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள், வெயில் படாத இடமாகப் பாருங்கள். காரில் ஏற்றினால் அன்றைக்கே இறக்கிவிடுங்கள். வேண்டாமென்றால் ஞாயிறு காலை லோரோங் கூலிட்டுக்குக் கொண்டுபோங்கள்; வாங்க ஆள் இருக்கிறார்கள், பேரம் பேசினால் படிவார்கள்.