தேவாங்குக்கும் மரப்பொந்துச் சிலந்திக்கும் ஆசிரமத்தில் இடம்: ஓர் ஒப்பாய்வு

1947-இல் டாக்டர் சௌந்திரமும் ஜி. ராமச்சந்திரனும் சிறுமலைப் பக்கம் காந்திகிராமத்தை நிறுவியபோது, குடியேற வருகிறவருக்கு எத்தனை கால் இருக்கலாம் என்று வரையறுத்ததாகத் தெரியவில்லை. அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

விண்ணப்பதாரர் இருவர். ஒருவர் தேவாங்கு: கால் கிலோ எடை, வால் இல்லை, முகத்தில் பாதி கண். மற்றவர் தென்னிந்திய மரப்பொந்துகளில் வாழும் டாரண்டுலா. 1899-இல் போகாக் என்ற ஆங்கிலேயர் இதற்குப் பொசிலோதீரியா ரெகாலிஸ் என்று பெயர் வைத்தார். காலை விரித்தால் ஏறக்குறைய ஒரு சாண். இருவருமே இராத்திரி ஆட்கள் என்பதால் காலைப் பிரார்த்தனைக்கு வருகைப்பதிவு எடுக்க வாய்ப்பில்லை.

முதல் தேர்வு நூற்பு. சிலந்திக்கு ராட்டை உடம்பிலேயே இருக்கிறது. நூற்றதையெல்லாம் தன் பொந்துக்கே பூசிக்கொள்கிறது, விற்பனைக்கு விடுவதில்லை. சின்னாளபட்டிச் சுங்குடிக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். தேவாங்கிடம் நூல் கேட்டால் தேவாங்கு மாதிரியே முழிக்கிறது.

தூய்மையில் தேவாங்கு படு அக்கறை. கைகால்களைத் தவறாமல் நனைத்துக்கொள்கிறது. திரவம் மட்டும் சொந்தச் சிறுநீர். மொரார்ஜி தேசாய் இருந்திருந்தால் பரிந்து பேசியிருப்பார். தேர்வுக்குழுவில் அவர் இல்லை.

அகிம்சையில் இருவரும் தோல்வி. எறும்பு, கரையான், வண்டு எதையும் தேவாங்கு விட்டுவைப்பதில்லை. சிலந்தி கடித்து மனிதர் இறந்ததாக உறுதியான பதிவு இல்லை என்றாலும், தசைப்பிடிப்பு நாள்கணக்கில் நிற்கலாம். ஆனால் சீண்டினால் பெரும்பாலும் முன்கால்களை உயர்த்தி, அடியிலுள்ள மஞ்சளைக் காட்டிய பிறகே கடிக்க வரும். 1930-இல் தண்டிக்குக் கிளம்புமுன் காந்தி வைசிராய் இர்வினுக்குக் கடிதம் எழுதினாரே, அந்த மரபு. இதற்காகக் கருணை மதிப்பெண் வழங்கப்படுகிறது.

உண்ணாவிரதத்தில்தான் நிலைமை தலைகீழாகிறது. காந்தியின் மிக நீண்ட விரதங்கள் 21 நாள். டாரண்டுலாக்கள் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும்; கோரிக்கை எதுவும் வைப்பதில்லை, பழரசம் கொடுத்து முடித்துவைக்கப் பிரமுகர் தேவையில்லை.

எஞ்சியது தங்குமிடம். 2022-இல் தமிழக அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயத்தை அறிவித்துவிட்டது. சொந்த மாவட்டத்திலேயே அரசு ஒதுக்கீடு பெற்றவருக்கு விடுதி அறை தர விதியில் இடமில்லை. ஆகவே அறை சிலந்திக்கு. கட்டில் வேண்டாம், சுவரில் ஒரு பொந்து போதும். வாடகையைக் கரப்பான்பூச்சிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். உடன் தங்க மாணவர் எவரும் இதுவரை கையெழுத்துப் போடவில்லை.