பிழிதலும் பிழைத்தலும்: கிள்ளான் பள்ளத்தாக்குச் சோயாப் பிரட்டல் – ஒரு பன்முக நோக்கு

சென்ற ஆண்டு ஒரு கருத்தரங்குக்கு அனுப்பிய என் கட்டுரை திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் மூன்று குறிப்புகள்: ஆய்வுச் சிக்கல் தெளிவாக இல்லை, கருதுகோள் இல்லை, மேற்கோள்கள் போதாது. கட்டுரை நன்றாக இருக்கிறதா, நாசமா என்று ஒரு சொல் கிடையாது. அன்றிரவு வயிற்றெரிச்சலோடு சோயாப் பிரட்டல் செய்துகொண்டிருந்தபோது ஒன்று பிடிபட்டது. இந்தச் சட்டிக்குள் சிக்கல் இருக்கிறது, கருதுகோள் இருக்கிறது. மேற்கோளுக்கு அம்மா இருக்கிறார். ஆகவே இந்த முறை எல்லாம் முறைப்படி.

ஆய்வுச் சிக்கல்: சோயாவுக்குள் மசாலா ஏற மாட்டேன் என்கிறது.

கருதுகோள்: ஒழுங்காகப் பிழிந்தால் ஏறும்.

ஆய்வின் தேவை: பசி.

ஆய்வு அணுகுமுறை: அடுப்பை அணுகுதல்.

ஆய்வு எல்லை: பிரிக்பீல்ட்ஸில் என் அடுக்குமாடி வீட்டு அடுப்படி தொடங்கி, கிள்ளானில் அம்மா வீட்டு அடுப்படி முடிய. இடையிலுள்ள நிலையங்களில் கொமுட்டர் நிற்கும், ஆய்வு நிற்காது.

இனி பெயராய்வு. 'சோயா' என்ற சொல் ஜப்பானியரின் 'ஷோயு'விலிருந்து டச்சுக்காரர் வாய்க்குப் போய், அங்கிருந்து உலகம் சுற்றியது என்பது அகராதிகள் சொல்லும் கதை. 1641இல் மலாக்காவைப் பிடித்த அதே டச்சுக்காரர்கள்தான். கதை நம்பும்படியாகவும் சுருக்கமாகவும் இருப்பதால் ஆய்வுலகம் இதை ஏற்காது. நம் முடிபு வருமாறு: 'சோ' என்றால் அரண், 'ஆ' என்றால் பசு. புலால் உண்பவரிடமிருந்து பசுவுக்கு அரணாக நிற்பது சோ+ஆ. நடுவில் உடம்படுமெய் தோன்றிச் 'சோயா' ஆயிற்று. ஓகாரத்துக்குப் பின் வகர உடம்படுமெய்தானே வரும், நன்னூல்படி 'சோவா' என்றல்லவா ஆகவேண்டும் என்று கேட்கும் மாணவரிடம், 'கோவில்' 'கோயில்' ஆகவில்லையா என்று ஒரு போடு போட்டால் போதும். அதற்கும் மடங்காதவருக்குப் பட்டம் இரண்டு ஆண்டு தள்ளிப்போகும்.

தமிழ்நாட்டில் இதற்கு 'மீல்மேக்கர்' என்று பெயர். கடைப்பெயர் ஒன்று ஊர்ப்பெயராகிவிட்டது. இங்கே சோயா மீட். இலங்கையில் அதே சொல் 'சோயா மீற்'. ஜாலான் ஸ்காட் கந்தசுவாமி கோயில் பக்கம் யாழ்ப்பாண வழியில் வந்த குடும்பங்களுக்கு றகரம்தான் சரி. ட் சரியா, ற் சரியா என்று இந்த ஓரெழுத்தை வைத்தே இரண்டு இயல் எழுதலாம். எழுதியும் இருப்பார்கள். எனக்குச் சட்டி காய்கிறது.

இலக்கணத்தில் சோயாவின் இடம் என்ன? ஓர் எழுத்து நிற்கவேண்டிய இடத்தில் வேறோர் எழுத்து வந்து நின்றும் பொருள் மாறாவிட்டால் அது போலி. 'அறம்' 'அறன்' ஆவது கடைப்போலி. ஆட்டுக்கறிப் பிரட்டலில் நாலு துண்டை மட்டும் சோயாவாக மாற்றிச் சிக்கனம் பிடிப்பது இடைப்போலி. ஆட்டை அறவே நீக்கிவிட்டுச் சட்டி முழுக்கச் சோயாவைப் போட்டும் வெங்காயம், பட்டை, சோம்பு என்ற பொருள் மாறாதிருப்பது, 'ஐந்து' 'அஞ்சு' ஆனதுபோல் முற்றுப்போலி. இந்த ஒரு பத்தியை மட்டும் நான் உண்மையாகவே நம்புகிறேன்.

வரலாறு. அமெரிக்காவின் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் நிறுவனம் 1960களில் கண்டுபிடித்தது இந்தச் சோயா மீட். சோயாவை ஆட்டி எண்ணெய் எடுத்தபின் மிஞ்சுவது பிண்ணாக்கு, மாட்டுத் தீவனம். அந்த மாவை ஈரப்படுத்தி, இயந்திரத்துக்குள் சூடேற்றி, நெருக்கி, ஒரு சிறிய துளை வழியாகத் தள்ளுகிறார்கள். வெளியே வந்த கணத்தில் அழுத்தம் விட்டுப்போக, உள்ளிருக்கும் நீர் ஆவியாக வெடிக்க, பிண்ணாக்கு உப்பிப் பெரிதாகிறது. உள்ளே ஆயிரம் ஓட்டை. உலர்ந்த எடையில் ஏறக்குறைய பாதி புரதம் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடவேண்டும். சாறு முழுவதும் வேறொருவர் எடுத்துக்கொண்டபின் எஞ்சியதை நெருக்கி, சூடேற்றி, துளைவழி தள்ளி உப்பவைக்கும் இம்முறை உணவுத் தொழிலில் மட்டும்தான் உண்டு என்று நம்பும் எவரும் அண்மையில் ஓர் ஆய்வேட்டைப் புரட்டியதில்லை என்று பொருள். அதில் புரதத்துக்கும் உத்தரவாதம் இல்லை.

கறித்தூள் பற்றி ஒரு மெய்யியல் குறிப்பு. பாபாஸ் ஆனாலும் அலகப்பாஸ் ஆனாலும், மலேசியத் தமிழ் வீட்டில் சோயாவுக்குப் போடுவது இறைச்சிக் கறித்தூள்தான். மீன் கறித்தூளைப் போட்டால் குடும்பமே முகம் சுளிக்கும். பொட்டலத்தின் மேல் பெரிதாக 'இறைச்சி'. உள்ளே மல்லி, மிளகாய், சோம்பு, சீரகம், மஞ்சள். தூளில் இறைச்சி இல்லை. சோயாவில் இறைச்சி இல்லை. இரண்டும் சேர்ந்து வதங்கும்போது பக்கத்து வீட்டு அக்கா சன்னல் வழியே, "தம்பி, இன்னிக்கு வெள்ளிக்கிழமையாச்சே, கறியா ஆக்குற?" என்கிறார். இன்மையும் இன்மையும் கூடி உண்மையாகும் இந்த இடத்தைத் தருக்க நூலார் விளக்கினால் நன்று.

புரட்டாசியில் நம்மவர் வீடுகளில் சைவம். ஏறத்தாழ அதே காலத்தில் சீனர்களின் ஒன்பதாம் மாதம் வந்து, ஒன்பது பேரரசர் தெய்வ விழாவுக்காக அம்பாங் கோயில் பக்கமெல்லாம் மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகள் முளைக்கும். அவர்கள் சைவத்தில் வெங்காயம், பூண்டு ஆகாது. நம் சைவத்தில் அவை இல்லாவிட்டால் சட்டியை அடுப்பிலேற்றியே பயனில்லை. இரண்டு சமயத்தாரும் ஒத்துப்போகிற ஒரே இடம் சோயா. ஒப்பாய்வு முற்றிற்று.

இப்போது முதன்மை இயலுக்கு வருவோம்: பிழிதல்.

1966இல் தனிநாயகம் அடிகள் முன்னின்று நடத்திய முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கூடியது கோலாலம்பூரில். பிறகு 1987, 2015, 2023 என மறுபடி மறுபடி இங்கேயே. நான்கு மாநாடு கண்ட ஊரில் சோயாவை எத்தனை தடவை பிழிவது என்பதற்கு இன்றுவரை ஒரு சீர்மை கிடையாது. வீட்டுக்கு ஒரு மரபு. ஒரே வீட்டில் மாமியாருக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று.

களத்தில் கண்டது இது. நூறு கிராம் சோயாவைக் கொதிநீரில் உப்புப் போட்டுக் கால்மணி நேரம் ஊறவிட்டேன். கொட்டைப்பாக்கு அளவு இருந்தது எலுமிச்சைக்குத் தம்பியாகி மிதந்தது. வடித்துப் பச்சைத் தண்ணீரில் போட்டு, ஐந்தாறை உள்ளங்கையில் அள்ளி அமுக்கினேன். முதல் பிழியில் கழுநீர் நிறத்தில் நுரை; நனைந்த சாக்கின் வாடை. மறுபடி தண்ணீர், மறுபடி அமுக்கல்; வெளுத்த நீர். மூன்றாவதில் தெளிந்துவிட்டது. கையை விரித்தால், அப்பளமாக நசுங்கிக் கிடந்தவை ஒன்றும் நடக்காததுபோல் மெல்ல எழுந்து உட்காருகின்றன. பேராசிரியர் அறையிலிருந்து வெளியே வந்த ஆய்வு மாணவரிடம் இதே நிமிர்வைக் கண்டிருக்கிறேன்.

காரணம் சிக்கலானதல்ல. ஆயிரம் ஓட்டையிலும் தண்ணீர் நிற்கிறது. அது வெளியேறாவிட்டால் குழம்பு நுழைய இடமில்லை. பிழியாத சோயா மேலே காரமாகவும் கடித்தால் சப்பென்றும் இருப்பது அதனால்தான். இந்த மூன்று வாக்கியத்தோடு முடியவேண்டிய செய்தி. ஆனால் பள்ளிகள் இருக்கின்றன.

முதலாவது ஒருபிழிப் பள்ளி. "ரொம்பப் பிழிஞ்சா சத்துப் போயிடும்" என்பது இவர்கள் கோட்பாடு (அத்தை, நேரில்). இரண்டாவது முப்பிழிப் பள்ளி. தேங்காய்ப்பாலுக்கு முதற்பால், இரண்டாம் பால் இருப்பதுபோல் சோயாவுக்கும் உண்டு. தேங்காயில் வருவதை வைத்துக்கொண்டு சக்கையை எறிகிறோம், இதில் வருவதை எறிந்து சக்கையை வைத்துக்கொள்கிறோம், அவ்வளவே வேறுபாடு என்பார்கள் (அம்மா, கைப்பேசி வழி, வியாழன் மாலை, தொடர் நாடக விளம்பர இடைவேளையில்). மூன்றாவது துணிப்பிழியர், வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டி முறுக்குவோர். இவர்கள் சோயா உதிரும், பிரட்டல் புட்டாகும் (பெரியம்மா, 'அப்பவே சொன்னேன்', மூன்றாவது தடவை, கல்யாண வீட்டுப் பந்தி ஓரம், முதலிரண்டு தடவைக்கும் இதற்கும் பாட வேறுபாடு உண்டு).

இவற்றுக்கெல்லாம் மூத்தது தோட்டப்புற மரபு. பாட்டி பால்மரக் காட்டில் மரம் வெட்டியவர். பால் உறைந்து கட்டியானதும் உருளை இயந்திரத்தில் விட்டு நீரை நசுக்கி வெளியேற்றுவதைப் பார்த்து வளர்ந்தவர். சரியாகப் பிழியாத சோயாவைக் கடித்துவிட்டு அவர் சொன்ன ஒரே சொல் "கித்தா" (பாட்டி, 'தோட்டத்துல நாங்க', நான்காம் தொகுதி, வெற்றிலை மென்றபடி அருளியதால் நடுவே இரு சொற்கள் சிதைவு, மூலத்துக்கு உரை: அம்மா, உரைக்கு மறுப்பு: சித்தி, மறுப்புக்கு மறுப்பு குடும்பப் புலனக் குழுவில் நடந்துகொண்டிருக்கிறது, காண்க ஏழு நிமிடக் குரல் பதிவு, அதில் முதல் ஐந்து நிமிடம் யாருடைய நாயோ குரைக்கிறது, அக்குரைப்பும் மறுப்பின் பகுதியே என்று சித்தப்பா கருதுவார்).

சொல்லாய்வு நோக்கில், 'பிழி' என்பதிலிருந்தே 'பிழை' பிறந்தது. தவறாகப் பிழிந்தால் பிழை. பிறர் பிழியில் குறை கண்டு வாழ்தல் பிழைப்பு. இம்முடிபை மறுப்போர் இருக்கலாம். அவர்களும் பிழைக்கவேண்டுமே.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பயனுள்ள பகுதி சுருக்கமாக இருப்பதுதான் ஆய்வு மரபு. எண்ணெயில் பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, சோம்பு. பெரிய வெங்காயம் இரண்டு, நீளமாக நறுக்கியது. பொன்னிறம் தாண்டவேண்டும், அவசரப்படக் கூடாது. இஞ்சி பூண்டு விழுது, ஒரு கைப்பிடி கறிவேப்பிலை. கறித்தூள் மூன்று கரண்டியை அப்படியே கொட்டினால் கருகும். தண்ணீர் விட்டுக் களிம்பாகக் குழைத்துச் சேர்த்து, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மினுங்கும்வரை கிண்டவேண்டும். தக்காளி ஒன்று. பிறகு பிழிந்த சோயா. அரைக் கோப்பை தண்ணீர் விட்டு மூடி, வற்றியதும் திறந்து, சிறுதீயில் பிரட்டிக்கொண்டே இருந்தால் ஓரங்கள் கறுத்து முறுகும். கடைசியில் இடித்த மிளகும், கீறிய சிலிப்பாடி நான்கும். சிலிப்பாடி ஐந்தானால் அதன் விளைவுகளுக்குத் தனி ஆய்வு தேவை.

எஞ்சியது வாய்மொழித் தேர்வு. நம் பல்கலைக்கழகங்கள் வைக்கும் பெயர்களில் எனக்குப் பிடித்தது இதுதான். வாயால் நடத்தவேண்டிய தேர்வு.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கிள்ளானிலிருந்து கொமுட்டரில் வந்தார். கையில் நாளிதழில் சுற்றிய கறிவேப்பிலை. பிரிக்பீல்ட்ஸில் கறிவேப்பிலை விளையாது என்பது அவர் துணிபு. "பசியாறிட்டியா தம்பி?" என்றார். சோற்றைப் போட்டுப் பிரட்டலை வைத்தேன். முதல் துண்டை எடுத்துச் சோற்றில் சேர்க்காமல் விரல்களுக்கிடையில் அழுத்திப் பார்த்தார். எண்ணெய்தான் கசிந்தது, தண்ணீர் வரவில்லை. வாயில் போட்டார். மென்றார். எனக்கு அந்தச் சிவப்பு மை நினைவுக்கு வந்தது.

"உப்பு சரியா இருக்கு," என்றார். பிறகு, "எத்தன தடவ பிழிஞ்ச?"

"மூணு."

"யாரு சொன்னா மூணு?"

"நீங்கதாம்மா. வியாழக்கிழம போன்ல சொன்னீங்களே."

"நான் எங்க மூணு சொன்னேன்? ரெண்டுதான் சொன்னேன். மூணுங்கிறது ஒங்க பெரியம்மா பேச்சு."

ஆய்வேட்டின் முதன்மைச் சான்று அங்கேயே கவிழ்ந்தது. நான் பேசாமல் ரசம் ஊற்றினேன். அவர் இரண்டாவது தடவை போட்டுக்கொண்டார், மூன்றாவது தடவையும். புறப்படும்போது சட்டியில் ஒட்டியதுவரை வழித்துப் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் அடைத்து, மூடியை இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டுப் பையில் வைத்தார்.

"ஒங்க பெரியம்மாவுக்குக் கொஞ்சம் கொடுத்துப் பாக்குறேன். அவ என்ன கொற சொல்றான்னு பாப்போம்," என்றார்.

புறத்தேர்வாளர் அறிக்கை கிள்ளானிலிருந்து இன்னும் வரவில்லை.