ஆறா, ஏழா?

பெரிய மின்சாரக் கார் வாங்கும் வீட்டில் பேட்டரி, ரேஞ்ச், சார்ஜர் எல்லாம் அரை மணி நேரப் பேச்சு. ஆறு சீட்டா ஏழு சீட்டா என்பதுதான் வட்டமேஜை மாநாடு. 2024 அக்டோபரில் வந்த பிஒய்டி இமேக்ஸ் 7 இரண்டையும் வைத்துக் குடும்பத்தைப் பிரித்தது. 2025 நவம்பரில் வந்த மஹிந்திரா எக்ஸ்இவி 9எஸ், ஏழோடு நிறுத்திப் புண்ணியம் கட்டிக்கொண்டது.

ஆறு என்றால் நடுவரிசையில் கைப்பிடி வைத்த இரண்டு கேப்டன் சீட். ஒன்று மாப்பிள்ளைக்கு, சரி. இன்னொன்று சம்பந்தியம்மாவுக்கா, பாட்டிக்கா? தேனாம்பேட்டை ஃபிளாட்டில் இதற்கு ராத்திரி பதினொன்றுக்கும் விளக்கு எரியும். ஏழு என்றால் நடுவில் பெஞ்சு சீட்; அதன் நட்டநடு இடம் மருமகளுக்கு என்று யாரும் சொல்லாமலே முடிவாகியிருக்கும்.

மூன்றாம் வரிசையில் "பெரியவங்களே தாராளமா உட்காரலாம் சார்" என்பார் ஷோரூம் தம்பி. அவர் உட்கார்ந்து காட்டமாட்டார். பேட்டரி தரைக்கடியில் கிடப்பதால் தளம் உயர்ந்து, முழங்கால் முகவாயைத் தேடிப் போகும். உள்ளே போக நடுச் சீட்டை மடக்க வேண்டும். சீட் மடங்கும், பாட்டி மடங்கமாட்டார். ஏழு பேரும் ஏறிவிட்டால் திருப்பதிப் பைகள் மடியில்.

ஆனாலும் ஏழுதான் ஜெயிக்கும். "ஊர்லேருந்து யாராவது வந்தா?" அந்த யாராவதோ, அண்ணா சாலையில் சைதாப்பேட்டை வரை மேம்பால வேலை தொடங்கியதிலிருந்து, சென்ட்ரலில் மெட்ரோ ஏறி டிஎம்எஸ்ஸில் இறங்கி நடந்தே வந்துவிடுகிறார்.