கீபோர்டு வத புராணம்

டேப்லெட் வம்சத்தின் மூதாதை பிறந்தது அட்டையில். சார்ஜ் போட வேண்டாம், ஹேங் ஆகாது, நடுராத்திரியில் அப்டேட் கேட்டு எழுப்பாது. இந்த மூன்றிலும் அதை மிஞ்ச அதன் வாரிசுகளால் இன்றுவரை முடியவில்லை. 1972இல் கலிஃபோர்னியாவில், ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த ஆலன் கே என்பவர், குழந்தைகள் கையில் தூக்கிக்கொண்டு திரியக்கூடிய நோட்டுப்புத்தக அளவுக் கம்ப்யூட்டர் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பெயர் டைனாபுக். விலை 500 டாலரில் அடங்க வேண்டும் என்றார். கம்ப்யூட்டருக்கென்று தனி அறை கட்டி, அதற்கு மட்டும் ஏசி போட்டுவிட்டு, ஆட்கள் வெளியே வியர்த்துக்கொண்டு நின்ற காலம் அது. கே அட்டையை வெட்டி ஒட்டி மாதிரி செய்து காட்டினார். ஜெராக்ஸ் முதலாளிகள் பார்த்தார்கள். பிறகு ஜெராக்ஸ் மெஷின் விற்கப் போய்விட்டார்கள்.

அந்த மாதிரியில் ஒரு சங்கதி உண்டு. திரைக்குக் கீழே வரிசை வரிசையாகப் பொத்தான்கள். சாட்சாத் கீபோர்டு. ஞானி அதையும் சேர்த்தேதான் செய்து வைத்தார். பின்னால் வந்த சீடர்களோ மேல்பாதியை மட்டும் தரிசித்துவிட்டு, கீழ்ப்பாதியை வதம் செய்வதே தங்கள் அவதார நோக்கம் என்று கிளம்பினார்கள்.

முதலில் வந்தவர்கள் பேனாக்காரர்கள். தட்டச்சு தெரியாதவனுக்கும் எழுதத் தெரியும், ஆகவே திரையில் எழுதட்டும் என்பது இவர்கள் சித்தாந்தம். 1987இல் ‘கோ’ என்றொரு கம்பெனி இதற்கென்றே தொடங்கப்பட்டு, கோடி கோடியாகப் பிறர் பணத்தைத் தின்று, பெயருக்கேற்பப் போய்ச் சேர்ந்தது. நிறுவனர் ஜெரி கப்லான் அந்த வீழ்ச்சியின் கதையைப் புத்தகமாக எழுதினார். கம்பெனியைவிடப் புத்தகம் நன்றாக வந்தது.

அடுத்தது ஆப்பிள். 1993 ஆகஸ்டில் நியூட்டன் என்ற கைக்கருவியை 699 டாலருக்கு இறக்கினார்கள். கையெழுத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் என்று விளம்பரம். படித்தது. புரிந்துகொண்டதுதான் வேறு. எழுதியவரே மறுநாள் படிக்க முடியாத கையெழுத்தை மெடிக்கல் ஷாப்காரர் ஒருவர்தான் படிப்பார். அவரை அந்தச் சின்ன டப்பாவுக்குள் அடைக்க ஆப்பிளால் முடியவில்லை. அந்த மாதமே அமெரிக்காவின் ‘டூன்ஸ்பரி’ கார்ட்டூன் தொடர் நியூட்டனைத் துவைத்துக் காயப்போட்டது. மறுவருடம் ‘சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூனில் ஒரு பையன் இன்னொருவனை அடிக்க வேண்டும் என்று குறித்து வைக்க, கருவி அதை ஒரு பெண்ணைச் சாப்பிடும்படியான கட்டளையாக மாற்றிக் காட்டியது. ஒரு கம்பெனிக்கு இதைவிடப் பெரிய சாபம் முனிவர்கள் கையில்கூட இல்லை.

ஆப்பிள் என்ன செய்தது? 1997இல் அதே நியூட்டனுக்கு மூடித் திறக்கும் உடம்பு வைத்து, கீழே கீபோர்டு பொருத்தி, இமேட் 300 என்று பெயர் மாற்றிப் பள்ளிக்கூடங்களுக்கு விற்றது. லேப்டாப் போலவே இருந்தது என்று சொல்பவர்கள் தப்பாகச் சொல்லவில்லை. மறுவருடம் ஸ்டீவ் ஜாப்ஸ் மொத்தக் குடும்பத்துக்கும் பால் ஊற்றினார்.

இப்போது பில் கேட்ஸ் மேடையேறுகிறார். 2001 நவம்பர், லாஸ் வேகாஸ், காம்டெக்ஸ் கண்காட்சி. கையில் டேப்லெட் பிசியைத் தூக்கிப் பிடித்து, ஐந்தே வருடத்தில் அமெரிக்காவில் அதிகம் விற்கும் கம்ப்யூட்டர் இதுதான் என்று ஆரூடம் சொன்னார். சூதாட்ட ஊரில் நின்று சொன்னதால் மன்னிக்கலாம். மறுவருடம் சரக்கு கடைக்கு வந்தது. விலை 1,700 டாலர், 2,000 டாலர். விரலால் தொட்டால் அசையாது, அதற்கென்று உள்ள பேனாவால் தொட்டால்தான் திரும்பிப் பார்க்கும். பேனா தொலைந்தால் 2,000 டாலர் தாம்பாளம். உள்ளே ஓடியதோ எலிக்காகச் செய்த அதே விண்டோஸ் எக்ஸ்பி. தயாரிப்பாளர்களுக்கே நம்பிக்கை இல்லாததால் பல மாடல்களில் திரையைத் திருப்பி மடக்கினால் டேப்லெட், நிமிர்த்தினால் கீபோர்டுடன் லேப்டாப் என்று தப்பிக்க வழி வைத்திருந்தார்கள். வாங்கியவர்களில் பெரும்பாலோர் நிமிர்த்தியே வைத்திருந்தார்கள் என்பது என் ஊகம். ஐந்து வருடம் ஓடியபின் அமெரிக்கா வாங்கிக் குவித்தது சாதாரண லேப்டாப்பைத்தான் என்பது ஊகமில்லை.

இந்த இடத்தில் கதைக்கு ஒரு விருந்து வேண்டும். உண்மையிலேயே ஒன்று நடந்தது. ஜாப்ஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய வால்டர் ஐசக்சனிடம் ஜாப்ஸே சொன்னது. அவருடைய மனைவியின் தோழியின் கணவர் மைக்ரோசாஃப்டில் இன்ஜினியர். அவருடைய ஐம்பதாவது பிறந்தநாள் சாப்பாட்டுக்கு ஜாப்ஸ் போனார், கேட்ஸும் வந்திருந்தார். இன்ஜினியர் ஜாப்ஸின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் டேப்லெட் வந்தால் லேப்டாப் என்ற ஜாதியே பூமியில் இருக்காது, பேனாவை எடுத்தால் போதும், ஆப்பிள் எங்களிடம் லைசென்ஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தார். முதல் தடவை என்றால் பொறுத்திருப்பார். பத்தாவது தடவையாம். கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்தால் நாம் ரசத்துக்கு முன்பே எழுந்துவிடுவோம். ஜாப்ஸ் வீட்டுக்குப் போய் அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தையைச் சொல்லி, டேப்லெட் என்றால் என்னவென்று இவனுக்குக் காட்டுகிறேன் பார் என்று ஆட்களைக் கூட்டினார். கடவுள் பத்து விரல் கொடுத்திருக்கும்போது பேனா எதற்கு என்பது அவர் கட்சி. அதே ஜாப்ஸ் 2003இல் ஒரு மேடையில், எங்களுக்கு டேப்லெட் செய்யும் உத்தேசமே இல்லை, ஜனங்களுக்குக் கீபோர்டு வேண்டியிருக்கிறது, டேப்லெட் எல்லாம் ஏற்கெனவே நாலு கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பணக்காரர்களுக்கு என்று சொன்னவர். அரசியலுக்கு வந்திருந்தால் முதல்வர் ஆகியிருப்பார்.

2010 ஜனவரி 27. சான் ஃபிரான்சிஸ்கோ மேடையில் தோல் சோபா போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, ஐபேடைத் தடவிக் காட்டினார். 499 டாலர். கேமரா கிடையாது, யூஎஸ்பி கிடையாது, ஒரே நேரத்தில் இரண்டு வேலை கிடையாது. உலகம் நக்கலடித்தது, பிறகு வரிசையில் நின்றது. முதல் நாளில் 3 லட்சம், 80 நாளில் 30 லட்சம் விற்றது. பேனாக்காரர்கள் இருபது வருடம் தவித்ததை சோபாவில் உட்கார்ந்தே முடித்துவிட்டார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சாய்ந்துகொண்டு படிக்க, பார்க்க, குழந்தைக்கு இட்லி ஊட்ட அதைப்போல ஒரு சாதனம் அதற்குமுன் வந்ததில்லை.

ஆனால் அந்த ஐபேடின் கதையில் இரண்டு காரியங்கள் ஓரமாக நடந்தன. ஒன்று, ஐபேடைச் செருகி வைத்துத் தட்டச்சு செய்ய ஒரு கீபோர்டும் அன்றே அறிமுகமானது. 69 டாலர், தனியாக. இரண்டு, புது ஐபேடை வாங்கிப் பிரித்தால் ஒரு கம்ப்யூட்டரில் இணைக்கச் சொல்லும். இணைத்தால்தான் உயிர் வரும். 2011இல்தான் அந்தக் கட்டாயம் போனது. லேப்டாப்பைக் கொல்ல வந்தவன் பிறப்புச் சான்றிதழுக்கு லேப்டாப்பிடமே போய் நிற்க வேண்டியிருந்தது. ஐபேட் அறிமுகமான சில மாதம் கழித்து ஜாப்ஸ், பிசி எல்லாம் இனி லாரி மாதிரி, டேப்லெட்தான் கார், லாரி தேவைப்படுபவர்கள் குறைந்துகொண்டே போவார்கள் என்று ஓர் உவமை சொன்னார். நாமக்கல்லில் யாரையாவது கேட்டிருக்கலாம். கார் ஷோரூமுக்கு வருவதே லாரியில்தான். ஐபேடில் ஓடும் ஆப்களையும் நெடுங்காலம் மேக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்துதான் எழுத வேண்டியிருந்தது.

2011இல் எல்லாரும் டேப்லெட் போட்டார்கள். பிளாக்பெர்ரி, ஈமெயிலால் வாழ்ந்த கம்பெனி, பிளேபுக் என்று ஒன்றை ஈமெயில் ஆப் இல்லாமல் வெளியிட்டது. எச்பியின் டச்பேடு 49 நாளில் கடை கட்டியது. கடைசியில் 99 டாலருக்கு வாரி இறைத்தபோது மட்டும் தள்ளுமுள்ளு.

அதே வருடம் இந்தப் புராணம் நம் பக்கமும் வந்தது. செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், முதல்வர் ஜெயலலிதா பிளஸ் டூ மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கினார். மூடியில் அம்மா படம். மூன்று வாரம் கழித்து, அக்டோபர் 5, டெல்லியில் மத்திய அமைச்சர் கபில் சிபல் ‘ஆகாஷ்’ டேப்லெட்டை வெளியிட்டார். அதே நாளில்தான் கலிஃபோர்னியாவில் ஜாப்ஸ் காலமானார்; இரண்டுக்கும் தொடர்பில்லை என்றே நம்புவோம்.

ஆக, ஆலோசகர்களுக்குக் கோடிகள் கொடுக்காமலேயே ஒரு நாட்டில் போட்டி வைத்தாகிவிட்டது: மாநிலத்தின் கையில் லேப்டாப், மத்தியின் கையில் டேப்லெட். உலகின் மலிவான டேப்லெட் என்று உலகப் பத்திரிகைகள் ஆகாஷைக் கொண்டாடின. அரசு கொடுத்த விலை சுமார் 2,250 ரூபாய். 7 அங்குலத் திரை, 366 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 256 எம்பி ரேம். திரை தடவினால் கேட்கும் ரகமில்லை, அழுத்த வேண்டும். நகம் வளர்த்தவர்களுக்குச் சற்று சாதகம். பொறுப்பு ஐஐடி ராஜஸ்தானிடம், தயாரிப்பு டேட்டாவிண்ட் கம்பெனியிடம். இருவருக்கும் சீக்கிரமே சண்டை. டேப்லெட் மழையில் நனைந்தும் கீழே விழுந்தும் ராணுவத் தரத்துக்குத் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள் என்பது கம்பெனியின் புலம்பல். ராஜஸ்தானில் மழைக்குப் பயந்தது ஒரு தனிச் சிறப்பு. பிறகு பொறுப்பு ஐஐடி பாம்பேக்கு மாறியது, 2012 நவம்பரில் ஆகாஷ் 2 வந்தது, ஐக்கிய நாடுகள் சபை வரை போய்ப் படம் எடுத்துக்கொண்டது. வகுப்பறை வரை போகத்தான் நேரமில்லாமல் போனது.

அம்மா லேப்டாப் லட்சக்கணக்கில் போய்ச் சேர்ந்தது. அதில் பையன்கள் என்ன செய்தார்கள் என்று கல்வியாளர்களைக் கேட்காதீர்கள், பென்டிரைவைக் கேளுங்கள். முதல் ஆறு மாதம் படம், பாட்டு. சிலது சத்தமில்லாமல் விற்பனைக்கும் போனது. ஆனால் காலேஜ் சேர்ந்ததும் அதே பெட்டியில்தான் சி புரோகிராம், புராஜெக்ட் ரிப்போர்ட், அக்காவின் ஜாதகத்தோடு இணைக்க வேண்டிய பயோடேட்டா எல்லாம் அடிக்கப்பட்டன. பேட்டரி செத்த பிறகும் சுவரோடு ஒயரில் கட்டிப்போட்டு ஓட்டிய வீடுகள் உண்டு. ஆகாஷ் இப்போது எந்த வீட்டில் ஓடுகிறது என்று தெரிந்தால் அருங்காட்சியகத்துக்குச் சொல்லி அனுப்பலாம்.

மறுபடி அமெரிக்கா. 2012இல், ஆப்பிளில் ஜாப்ஸின் இடத்துக்கு வந்த டிம் குக், டோஸ்டரையும் ஃபிரிட்ஜையும் சேர்த்து ஒட்டலாம், ஆனால் யாருக்கும் பிடிக்காது என்று மைக்ரோசாஃப்டைக் கிண்டலடித்தார். மைக்ரோசாஃப்ட் அந்த டோஸ்டர் ஃபிரிட்ஜைச் செய்தே விட்டது: சர்ஃபேஸ். கீபோர்டைச் செருகும் ‘டக்’ சத்தத்துக்கு ஆட்கள் மேசைமேல் ஏறி ஆடும் விளம்பரம். அந்தக் கீபோர்டு மட்டும் 119 டாலர், தனியாக. 2013இல் விற்காமல் தேங்கிய சர்ஃபேஸ் ஆர்டிக்காக 90 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதினார்கள். அசரவில்லை. 2014இல் சர்ஃபேஸ் ப்ரோ 3 வந்தபோது, உங்கள் லேப்டாப்பின் இடத்தைப் பிடிக்கும் டேப்லெட் என்றே விளம்பரம் செய்தார்கள். பிடிக்க 129 டாலர் கீபோர்டு வேண்டும். தனியாக.

சிரித்த குக் 2015இல் ஐபேட் ப்ரோவோடு வந்தார். கீபோர்டு 169 டாலர். ஜாப்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்ட பேனா, பென்சில் என்ற புனைபெயரில் 99 டாலர். அதைச் செயல்படுத்திக் காட்ட ஆப்பிள் மேடையில் ஏறியவர் யார் என்றால், மைக்ரோசாஃப்ட்காரர். பிறந்தநாள் விருந்து இன்ஜினியர் அன்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார். இனி யாராவது பிசி வாங்குவார்களா என்ன என்று குக் பேட்டி கொடுத்தார். 2017 விளம்பரத்தில் ஒரு சிறுமி ஐபேடோடு ஊர் சுற்றிவிட்டு, கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று கேட்டாள். அடுத்த வீட்டுக்காரம்மா கேட்ட சாதாரணக் கேள்விக்கு இந்தப் பதில். நம் வீடாக இருந்தால் முதுகில் ஒன்று விழுந்திருக்கும்.

2020இல் மேஜிக் கீபோர்டு. அன்றைய இந்திய விலை 27,900 ரூபாயில் தொடக்கம். அந்தக் காசுக்கு ஒரு சுமாரான லேப்டாப்பே வந்திருக்கும், கீபோர்டோடு. அன்றைய பெரிய ஐபேட் ப்ரோவையும் இதையும் சேர்த்துத் தூக்கினால் மேக்புக் ஏரைவிடக் கனமாக இருந்தது. 2021இல் மேக்புக்கின் மூளையான எம்1 சிப்பையே உள்ளே வைத்தார்கள். இவ்வளவும் செய்தவர்கள், பெட்டிக்கடையிலேயே தொங்கும் கால்குலேட்டரை ஐபேடுக்குக் கொடுக்க 2024 வரை எடுத்துக்கொண்டார்கள். பதினான்கு வருடம், ராமனின் வனவாசம் முடியும் காலம். 2025இல் இழுத்து நகர்த்தும் ஜன்னல்களும், மூலையில் சிவப்பு மஞ்சள் பச்சைப் பொட்டுகளும், மேலே மெனுவும் வந்து சேர்ந்தன. மேக்கில் 1984இலிருந்து ஜன்னலும் மெனுவும் இருக்கின்றன.

சரி, வீட்டுக்கு டேப்லெட் போதுமா? இந்த இரண்டு பூனைகளும் அப்பத்துக்கு அடித்துக்கொண்டிருந்த வேளையில் குரங்கு வந்து முக்கால்வாசியைத் தின்றுவிட்டது. குரங்கின் பெயர் போன். கரண்ட் பில், ரயில் டிக்கெட், சீரியல், அமெரிக்கப் பேரனின் முகம் எல்லாம் அதில்தான். டேப்லெட்டுக்கு மிஞ்சியது படுத்துக்கொண்டு படிப்பதும் குழந்தையின் கார்ட்டூனும். அந்த இரண்டுக்கும் அதை அடிக்க ஆளில்லை, வாங்கலாம். லேப்டாப்புக்கு மிஞ்சியது எல்லாரும் வெறுக்கும் வேலைகள்: பயோடேட்டா, எக்செல், புகைப்படம் 50 கேபிக்குள், கையெழுத்து 20 கேபிக்குள் என்று கேட்கும் விண்ணப்பங்கள். அந்த விண்ணப்பங்களை வடிவமைப்பவர்கள் இருக்கும்வரை லேப்டாப்புக்கு ஆயுள் கெட்டி.

2025 மார்ச்சில் தமிழக பட்ஜெட் வந்தது. இரண்டு வருடத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட், அவரவர் விருப்பப்படி என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிவித்தார். ஐம்பது வருட வழக்கை மாணவர்களே தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டது பெருந்தன்மைதான். இரண்டு மாதம் கழித்து அரசு நிறுவனமான எல்காட் டெண்டர் விட்டது. 20 லட்சமும் லேப்டாப்.