பூட்டு பலமாத்தான் இருக்கு, மருமவனே!

வா மருமவனே, உக்காரு. அட, இது உன் கடையில்ல? அப்ப நான்தான் உக்காரணும். ஸ்டூலை இங்கிட்டுத் தள்ளு.

வாசப்படி ஏறும்போதே பார்த்துட்டேன்யா. ஷட்டருக்கு மூணு பூட்டு. நடுவுல தொங்குறது கைப்புள்ள கனம் இருக்கும். நிலைக்கு மேல கண்ணைப் பிதுக்கிக்கிட்டு ஒரு திருஷ்டிப் பூசணி. அசப்புல உங்க பெரியப்பாவையே உக்கார வச்சு வரைஞ்ச மாதிரி இருக்கு. அதுக்கும் மேல கேமரா. அஞ்சு நிமிசம் நின்னு அது பார்க்குற பக்கத்தையே நானும் பார்த்தேன். எதிர்த்த வேப்பமரத்துல ஒரு காக்காக்கூடுதான் தெரியுது. நாளைக்கு முட்டை களவு போனா, காக்கா உன்னையத்தான் சாட்சிக்குக் கூப்புடும்.

சிரிக்காத. நாப்பது வருசம் பலசரக்குக் கடை போட்டவன் நான். ராத்திரி ஓட்டைப் பிரிச்சு வந்த களவாணி என்கிட்ட எடுத்துட்டுப் போனது மொத்தமே ஒரு டின்னு நல்லெண்ணெயும் ரெண்டு படிக்கல்லும். மிச்சத்தையெல்லாம் எடுத்தவுக பட்டப்பகல்ல வந்தாக. செருப்பை வெளியில கழத்திப் போட்டுட்டு, "அண்ணாச்சி சொகமா இருக்கீகளா"ன்னு கேட்டுட்டு, நான் குடுத்த கலரையும் குடிச்சுட்டுத்தான் எடுத்துட்டுப் போனாக. அவுகளுக்கு எந்தப் பூட்டைய்யா போடுவ?

சரி, ஒரு மிட்டாய் குடு. எனக்கு மிச்சமிருக்குறது ஏழு பல்லு, அதுலயும் ரெண்டு வேலைநிறுத்தத்துல இருக்கு. பரவாயில்ல, குடு.

ம்ம். பாகு நல்லாத்தான் வந்திருக்கு. ஒரு சொட்டைத் தண்ணியில விட்டு உருட்டித் தட்டுல போட்டா 'ணங்'குனு கேக்கணும். அதுக்கு முந்தி இறக்குனா பல்லுல அப்பும், பிந்துனா கசந்துபோவும். இதுல உன் கை சுத்தம். ஆனா கவர்ல 'கோவில்பட்டி கடலைமிட்டாய்'னு கொட்டை எழுத்துல அடிச்சு, பக்கத்துல புவிசார் குறியீட்டு முத்திரையும் போட்டிருக்கியே, அதை எங்க வாங்குன? 2020-ல அந்தக் குறியீடு கிடைச்சப்ப ஊரே வெடி போட்டுச்சு. அதுக்காக ஊருக்குள்ள பொறந்தவனெல்லாம் முத்திரை குத்திக்கிட முடியாது. சென்னையில இருக்குற பதிவகத்துல உன் பேரும் அங்கீகாரம் வாங்குன பயனாளின்னு ஏறணும். அது ஏறுறவரைக்கும் அடிச்ச கவரை மாத்து. உணவுப் பாதுகாப்பு 14 இலக்க நம்பரு எங்க? "அப்ளை பண்ணப்போறேன்"ங்கிற. பூசணிக்காய்க்கு மட்டும் முகூர்த்த நாள் பார்த்துக் கரெக்டா கட்டிட்ட.

அந்தச் சிட்டையைக் கொண்டா, பார்ப்போம். எழுத்து முத்து முத்தாத்தான் இருக்கு. வரவுப் பக்கம் மட்டும் நம்ம ஊருக் கம்மாய் மாதிரி காஞ்சு கிடக்கு. இது யாரு, ஒண்ணே முக்கால் லட்சம் நிக்குது? டவுன்ல பெரிய கடையா! முதலாளி உன்னைய 'தம்பி'ன்னு கூப்பிட்டு, ஏசி ரூம்ல உக்கார வச்சுக் காப்பி குடுத்தாரா? குடிச்சியா? அப்ப சரிதான், ஒண்ணே முக்கால் லட்ச ரூவாய்க் காப்பி, ருசியாத்தான் இருந்திருக்கும். எந்தத் தீவாளி கழிச்சுத் தாரேன்னு சொன்னாருன்னு கேட்டியா?

செக்கு குடுத்திருக்காரா? எங்க? சாமி படத்துக்குப் பின்னாடியா! குங்குமப் பொட்டு வேற வச்சிருக்க. மருமவனே, சாமிக்கு ஆயுசு கெட்டி. செக்குக்கு 3 மாசம்தான். அதுக்குள்ள பேங்க்ல போடணும். பணமில்லைன்னு திரும்பி வந்தா, பேங்க்காரன் சொன்ன நாள்ல இருந்து 30 நாளைக்குள்ள நோட்டீஸ் போயாகணும். நோட்டீஸ் கையில கிடைச்சு 15 நாள்ல அவரு பணத்தை வைக்கணும். வைக்கலைன்னா அடுத்த ஒரு மாசத்துக்குள்ள நீ கோர்ட்டுக்குப் போகணும். இதுல ஒரு படி தவறுனாலும் அந்தக் காயிதம் பொட்டு வச்ச காயிதமாவே இருந்துரும். வெறும் கைமாத்துக் கணக்குக்கும் 3 வருசந்தான் கெடு. கெடு முடியறதுக்கு முந்தி, 'இம்புட்டு பாக்கி தரணும்'னு எழுதி ஒரு கையெழுத்து வாங்கிட்டின்னா, அன்னையிலிருந்து புதுசா 3 வருசம். கையெழுத்துக் கேட்டா அவுக மொகம் சுருங்குமேன்னு பார்க்குற. மொகம் சுருங்குனா நாலு நாள்ல நிமிந்துரும்யா.

உத்யம் பதிவு பண்ணிட்டியா? பண்ணிட்ட, ரொம்ப சந்தோசம். எவ்வளவு ஆச்சு? ரெண்டாயிரத்து ஐநூறா! தாயி, உள்ள இருந்து செத்த மோரு கொண்டாம்மா, உன் புருசன் சொல்றதைக் கேட்டு எனக்கு நெஞ்சடைக்குது. அது 2020-ல இருந்து சல்லிக்காசு இல்லாம அரசாங்கத்துச் சைட்டுல பண்ணிக்கிடலாம்யா. ஆதாரும் பான் நம்பரும் இருந்தாப் போதும். நீ கம்ப்யூட்டர் சென்டர்ல ஆத்துத் தண்ணிக்கு வாடகை குடுத்துட்டு வந்திருக்க.

போகட்டும், பதிவு இருக்கு. இப்பக் கேளு. பாக்கியை இழுத்தடிக்கிறவுகளுக்குன்னே 2006-லயே சட்டம் போட்டாச்சு. உன்ன மாதிரிச் சின்ன உற்பத்தியாளர்கிட்டச் சரக்கு வாங்குனவன், எழுத்துல ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாள்ல, இருந்தாலும் மிஞ்சிப்போனா 45 நாள்ல பணத்தைக் கட்டணும். தாண்டுனா ரிசர்வ் வங்கி சொல்ற வங்கி விகிதத்துக்கு மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசா மாசம் கூட்டு வட்டி. ஆனா சரக்கு போறதுக்கு முந்தியே உன் பதிவு இருக்கணும். பில்லுல அந்த நம்பரு இருந்தா நல்லது. இன்னொரு சங்கதியும் உண்டு. கெடு தாண்டுன பாக்கியை, கட்டுற வரைக்கும் அவரு வருமானவரிக் கணக்குல செலவுன்னு காட்ட முடியாது. அதனால பங்குனி மாசம் வந்தா அவரோட ஆடிட்டரே உனக்காக அவரைத் திட்டுவாரு. பில்லோட அடியில 'உத்யம் நம்பர் இன்னது, 45 நாள்'னு ஒரு வரி அடிச்சு அனுப்பு, போதும்.

நோட்டீஸ் விட்டா அடுத்த லோடு எடுக்க மாட்டாரேன்னு யோசிக்கிற. நாயமான யோசனைதான். சட்டக் கம்பு மூலையில சாத்திக் கிடந்தாப் போதும், எடுத்து வீசணும்னு இல்ல. ஆனா கம்பு இருக்குன்னு மாட்டுக்குத் தெரியணும்ல? உன் சரக்குல முக்கால்வாசி அந்த ஒரே கடைக்குப் போகுதே, அதைச் சொல்லு. அவரு தும்முனா உனக்குக் காய்ச்சல் வரும். ரெண்டு சின்னக் கடை, ஒரு பள்ளிக்கூடத்துக் கேன்டீன், பஸ் ஸ்டாண்டுல ஒரு பெட்டிக்கடைன்னு பிடிச்சு வச்சிக்கிட்டா, அவருக்கு முன்னாடி நிமிந்து நிக்கலாம்.

போன் அடிக்குதே, எடுத்துப் பேசு. யாரு? ராணுவ கேம்ப்ல இருந்தா? 50 கிலோ மிட்டாய், எல்லைக்கா! வை கீழ. அட்வான்சு அனுப்புறேன், ஒரு படம் அனுப்பிருக்கேன், ஸ்கேன் பண்ணி ரகசிய எண்ணைப் போடுங்கன்னு சொன்னானா? வாங்குற கைக்கு எதுக்குய்யா ரகசிய எண்ணு? பணம் குடுக்கத்தான் அந்த எண்ணு, வாங்குறதுக்கு வேணாம். இதைப் போன வருசமே எனக்கும் ஒருத்தன் போட்டுப் பார்த்தான். 'தம்பி, எனக்கு ஏழு பல்லுதான் இருக்கு, உன் அம்பது கிலோவை நான் கடிச்சுப் பார்த்து அனுப்ப வருசமாகும்'னு சொல்லி வச்சிட்டேன். தப்பித் தவறிப் பணம் போயிருச்சுன்னா அழுதுக்கிட்டு உக்காராம அந்த நிமிசமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடு. லேட்டாக லேட்டாக பணம் கை மாறி மாறி எட்டாக் கைக்குப் போயிரும்.

காலையில கடை தொறந்ததும் கல்லாமேல ஒட்டிருக்குற க்யூஆர் அட்டையை நகத்தால ஒரு கீறு கீறிப் பாரு. மேல வேற ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா உன் யாவாரமெல்லாம் எவனோ வீட்டுல வரவு. அப்புறம், கஸ்டமர் போன்ல பச்சை டிக்கு காட்டுறாகன்னு சரக்கைக் குடுக்காத. பச்சை டிக்குப் படம் எம்பேரன்கூட வரைஞ்சு குடுப்பான். கல்லாப் பக்கத்துல இருக்குற சவுண்டு பெட்டி வாயைத் தொறந்து 'இவ்வளவு ரூபாய் வந்துச்சு'ன்னு சொன்னாத்தான் பை கை மாறணும். கூட்டத்துல கூச்சப்படாத. நீ ஓசி கேக்கல, உன் பணத்தைக் கேக்குற.

மழைக்கு என்ன பண்ணி வச்சிருக்க? பின்பக்க ஓடு ஒழுகுது, அதுக்கு நேர் கீழ கடலை மூட்டை. ஈரம் பட்டா பூஞ்சைக்காளான். அதை வறுத்துப் பாகுல போட்டாலும் விஷம் போகாது, அம்புட்டையும் கொட்டத்தான் வேணும். பலகை அடிச்சு மூட்டையைத் தூக்கி வை. 2023 டிசம்பர் மழை ஞாவகம் இருக்கா? நம்ம மாவட்டத்துக் காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு. கழுத்தளவு தண்ணியில சரக்கு மெதக்குறப்ப பூட்டு மூணும் பலமாத்தான்யா இருந்திருக்கும்.

இன்சூரன்சு இருக்குங்கிறியா? பேங்க்ல லோன் குடுத்தப்பவே போட்டுட்டாகளா? அந்தக் காயிதத்தை ஒரு நாளாவது படிச்சியா? எடு. இதுல விலாசம் உங்க அப்பாவோட பழைய வீடு. சரக்கு இருக்குறது இங்க. வீட்டுல தீப்புடிச்சா உனக்குப் பணம் வரும். அங்க எரிய என்ன இருக்கு, ஆட்டுக்கல்லும் ஒரு நாயும். மொதல்ல விலாசத்தை மாத்து. தொகை 5 லட்சம்னு போட்டிருக்கு. உன் சரக்கும் மிஷினும் சேர்த்து 10 லட்சம் வரும்ல? கணக்கைக் கேளு. 4 லட்சத்துக்கு எரிஞ்சுதுன்னா 4 லட்சம் தருவாகன்னு நெனப்ப. தர மாட்டாக. பாதிக்குத்தான் பாலிசி போட்டிருக்க, அதனால நட்டத்துலயும் பாதி, 2 லட்சந்தான். மீதி ரெண்டுக்கு நீயே உனக்கு இன்சூரன்சு கம்பெனின்னு கணக்கு. சின்னத் தொழிலுக்குன்னே 2021-ல வந்த பாலிசி ஒண்ணு இருக்கு, பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷான்னு, 5 கோடி மதிப்பு வரைக்கும். தீ, புயல், வெள்ளம் எல்லாம் சேரும். அதுல 15 சதவீதம் வரைக்கும் குறைச்சுப் போட்டிருந்தாப் பெரிசா கண்டுக்க மாட்டாக. ஆனா ராத்திரிப் பூட்டை உடைச்சுத் திருடுறது அதுல சேராது, தனியாப் போடணும். உன் மூணு பூட்டும் அதுக்குத்தான் இருக்கேங்கிறியா? அதுவும் சரி.

கல்லாவுல கை வச்சது யாரு, இப்ப? நீதான? எதுக்கு? பால்காரனுக்கா. அந்தக் கேமராவைக் காக்காகிட்டருந்து திருப்பி உன் பக்கம் வையேன். மாசம் இவ்வளவுன்னு உனக்குச் சம்பளம் போட்டு வீட்டுல குடு. தாயி, சிரிக்காத, நீதான் கணக்கை வாங்கி வைக்கணும்.

கடைசியா ஒண்ணு, இது எனக்குச் சொல்லவே வெக்கம். எம்மச்சான் ஒருத்தன், டிராக்டர் வாங்கணும், ஒரு கையெழுத்துப் போடுங்க மாமான்னு வந்தான். பொங்கச் சீரு எடுத்துட்டு வந்த கையோட கேட்டான், எப்புடி மறுக்குறது? போட்டேன். ஜாமீன்காரன்னா கடன்காரன் ஓடிப்போனப்புறந்தான் நம்மகிட்ட வருவாகன்னு நெனச்சேன். அவன் ஊருலயே கல்லு மாதிரி உக்காந்திருந்தான். பேங்க்காரன் அவனை விட்டுட்டு நேரா எங்கடைக்கு வந்தான். சட்டம் அதுக்கும் எடம் குடுக்குது. டிராக்டரும் ஓடுச்சு, நானும் ஓடுனேன். மூணு வருசம், அவன் உழுதான், நான் கட்டுனேன். இன்னைக்கும் கல்யாண வீட்டுல என்னைப் பார்த்தா, 'மாமா, எளைச்சுட்டீக'ன்னு வெசாரிப்பான்.

சரி, வெயில் தாழ்ந்துருச்சு, கெளம்புறேன். பேத்திக்கு ரெண்டு கிலோ கட்டிக் குடு. சும்மாவா? சேச்சே, மாமன் என்ன ஓசிக்கா வந்தேன், இந்தா ஸ்கேன் பண்றேன். ஆச்சு. பார்த்தியா, பச்சை டிக்கு. குடு, குடு, பஸ்சு போயிரும்.

என்னய்யா, பையைக் குடுத்துட்ட? பெட்டி இன்னும் வாயே தொறக்கலையே!